அணையா அடுப்பும் நம் வீட்டு அடுப்பும்

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் குறிஞ்சிப்பாடியைத் தாண்டினால் வடலூர். சிதம்பரத்திலிருந்து வருகிறவர்களுக்கும் அப்படியொன்றும் தொலைவில்லை. அந்த ஊரில் 1867-ம் வருஷம் மே மாதம் 23-ந் தேதி ஓர் அடுப்பை மூட்டினார்கள். இன்று வரை அது அணையவில்லை!

மூட்டியவர் இராமலிங்க சுவாமிகள். வள்ளலார் என்றால் தெரியாதவர் இல்லை. சிதம்பரத்துக்கு வடமேற்கே உள்ள மருதூரில் 1823-ல் பிறந்தவர். பசித்து வருகிறவன் எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேளாமல் சோறு போட வேண்டும் என்பதற்காக அவர் ஏற்படுத்தியதுதான் வடலூர் சத்திய தருமச்சாலை. அதற்கான நிலத்தை, ஏறக்குறைய 80 காணி, பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள். சாலையில் உள்ள அடுப்பின் நீளம் 21 அடி. அகலமும் ஆழமும் இரண்டரை அடி. அடுப்பு என்பதைவிடக் கால்வாய் என்று சொன்னாலும் பொருந்தும். தண்ணீருக்குப் பதில் தணல் ஓடும் கால்வாய்.

1874-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, பக்கத்திலுள்ள மேட்டுக்குப்பத்தில், சித்திவளாகத்தின் அறைக்குள் சென்று சுவாமிகள் மறைந்தார். இரண்டே வருஷங்களில் தாது வருஷப் பஞ்சம் தமிழ்நாட்டைப் பிடித்துக் கொண்டது. 1876 முதல் 1878 வரை லட்சக்கணக்கானவர்களை வாரிக் கொண்டு போன பஞ்சம் அது. மூட்டியவர் இல்லை, அடுப்பு இருந்தது.

பக்தர்கள் இதைச் சுவாமிகளின் அருள் என்பார்கள். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் சமையற்கட்டில் கால் நூற்றாண்டு கழித்த ஒரு பெண்மணியிடம் இந்தச் சங்கதியைச் சொல்லிப் பாருங்கள். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்ததாக ஒரு கேள்வி கேட்பாள்: "சாம்பலை யார் அள்ளுகிறார்கள்?"

நியாயமான கேள்வி. விறகு போட்டால் மட்டும் நெருப்பு நிலைத்துவிடாது. சாம்பல் மண்டினால் காற்று புகாது. காற்று புகாவிட்டால் கட்டை புகையுமே தவிர எரியாது. மண் சுவர் வெடித்தால் சூடு வெளியே போகும். வெடிப்பு பெரிதானால் சுவரே இடிந்து தணலின் மேல் விழும். ஆகையால், 150 வருஷங்களுக்கு மேலாக ஓர் அடுப்பு அணையாமல் இருக்கிறதென்றால், அத்தனை காலமும் யாரோ சாம்பல் அள்ளியிருக்கிறார்கள், யாரோ மண் குழைத்துப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் பெயரெல்லாம் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 21 அடி அடுப்பில் ஒரு சௌகரியமும் உண்டு. ஒரு கோடியில் நெருப்பு இருக்கும்போதே மறு கோடியை ஆறவிட்டுச் சீர் செய்ய இடம் இருக்கிறது. நம் வீட்டு அடுப்புக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அதை அணைத்து, ஆறவைத்துத்தான் மராமத்து செய்ய வேண்டும்.

"இப்போது யார் வீட்டில் ஐயா மண் அடுப்பு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

2007-ல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புகளைக் கொடுக்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. வாசலில் சிலிண்டர் இறங்காத தெரு இன்று அபூர்வம். ஆனாலும் கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் எந்த வீட்டின் கொல்லைப்புறத்தையும் எட்டிப் பாருங்கள். வெந்நீர் போட ஓர் அடுப்பு இருக்கும். நெல் அவிக்க ஒன்று இருக்கும். கல்யாணம், காதுகுத்து என்றால் கோட்டை அடுப்பு தோண்டுவார்கள். சிலிண்டர் தீர்ந்து, கையில் பணம் இல்லாத வாரத்தில் சோறும் அதே கொல்லை அடுப்பில்தான் வேகும். பொங்கலுக்கு மண் அடுப்பும் பானையும் குயவர் வீதியிலிருந்து வரும். சிதம்பரத்துக் கொத்சுவில் ருசி கண்டவர்கள், கத்தரிக்காயைத் தணலில் சுட்டு மசித்தால்தான் அந்த வாசனை வரும் என்று சாதிப்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்றைக் கடலூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. சாலைகளின் குறுக்கே மரங்கள். பல நாள் மின்சாரம் இல்லை. அந்த நிலைமையில் சிலிண்டர் வண்டி எங்கே வரும்? விழுந்து கிடந்ததெல்லாம் விறகு. கொல்லையில் அடுப்பு ஒழுங்காக இருந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சுடுசோறு கிடைத்திருக்கும். அடுப்பு இடிந்து, உள்ளே எலி வளை தோண்டியிருந்த வீட்டில் மூன்று செங்கல்லை வைத்துக்கொண்டு, ஈர விறகோடு, கண்ணீரும் கம்பலையுமாகப் போராடியிருப்பார்கள். கடலூர்க் கரைக்குப் புயல் புதிதல்ல. இனியும் வரும்.

கொடியடுப்பின் உடற்கூறு

நம் பக்கத்து வீடுகளில் பழைய காலத்து அடுப்பு என்றால் கொடியடுப்புத்தான். கோடியடுப்பு என்று சொல்கிறவர்களும் உண்டு. முன்னால் விறகு செருகும் வாய். மேலே பானை உட்காரும் குழி. அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு சுரங்கம் போய், இன்னொரு சிறிய குழியில் முடியும். பெரிய அடுப்பில் உலை கொதிக்கும்போது, அதில் மிஞ்சிய சூடு சுரங்கத்தின் வழியாகப் போய்ப் பக்கத்து அடுப்பில் குழம்பைச் சுண்ட வைக்கும். ஒரே விறகில் இரண்டு காரியம்! எந்தக் கல்லூரியிலும் படிக்காத மூளை கண்டுபிடித்தது.

குழியின் விளிம்பில் மூன்று குமிழ்கள் இருக்கும். பானையைத் தாங்குவதற்கு மட்டும் அவை ஏற்பட்டவை என்று நினைத்தால் தவறு. பானைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி வைப்பதே அவற்றின் முக்கிய வேலை. குமிழ் தேய்ந்து பானை விளிம்பில் படிந்துவிட்டால் புகை போக வழியில்லாமல் அடுப்பின் வாய் வழியே முகத்தில் அடிக்கும். குமிழ் அதிக உயரமானாலோ, ஜுவாலை பானையைத் தொடாமல் பக்கத்தில் ஓடிவிடும். நம் வீட்டு அடுப்பு ரொம்பப் புகைகிறது என்று விறகின் மேல் பழி போடுவதற்கு முன் குமிழைத் தடவிப் பாருங்கள்.

நன்றாக உள்ள சாதாரண மண் அடுப்பிலேயே விறகின் சூட்டில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் பானைக்குப் போய்ச் சேருகிறது. மீதி சுவருக்கும் காற்றுக்கும். இந்த லட்சணத்தில் சுவரும் வெடித்திருந்தால் எவ்வளவு சவுக்குக் கட்டை வீணாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

முதலில் சாம்பல்

அடுப்பை முந்தின இரவே அணைத்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றி அணைக்கலாகாது. சூடான மண் சுவரில் பச்சைத் தண்ணீர் பட்டால் படாரென்று வெடிக்கும். நீங்கள் அடைக்கப் போகும் வெடிப்புகளில் பாதி அப்படி வந்தவைதான். கொள்ளிகளை வெளியே இழுத்து மணலில் தேய்த்து அணைத்துவிட்டு, தணலைத் தானே ஆற விடுங்கள்.

காலையில் சாம்பலை அள்ளுமுன் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்வது நல்லது. மேலே ஆறியிருந்தாலும் அடியில் நெருப்புக் கண் விழித்துக் கொண்டிருக்கும். அள்ளிய சாம்பலை வைக்கோற்போர் பக்கத்திலோ, கூரை ஓரத்திலோ கொட்டிவிட்டு வந்தால் மத்தியானம் ஊரே கூடிவிடும். மண் சட்டியிலோ தகரத்திலோ போட்டு ஒரு நாள் வைத்திருங்கள். பிறகு பாத்திரம் துலக்கலாம், கத்தரிச் செடிக்குப் போடலாம், விதைப் பயற்றோடு கலந்து வண்டு விழாமல் காப்பாற்றலாம்.

சாம்பல் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. அடியில் இரண்டு விரல் கனத்துக்கு விட்டுவைத்தால் சூடு தரையில் இறங்காமல் தடுக்கும். அதற்கு மேல் போனால்தான் காற்றை மறிக்கும்.

சுவரில் படிந்த கரியை ஈர்க்குமாற்றின் அடிக்கட்டையாலோ தேங்காய் மட்டையாலோ சுரண்டலாம். எல்லோரும் மறந்துவிடும் இடம் அந்தச் சுரங்கம்தான். பெரிய அடுப்பிலிருந்து கொடியடுப்புக்குப் போகும் வழியில் கரியும் சாம்பலும் சேர்ந்து, பாதி துவாரத்தை அடைத்திருக்கும். கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். தேளோ பூரானோ குடியிருக்கலாம்; முதலில் ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

புகைபோக்கி வைத்த வீடானால், கோணித்துணியைப் பந்தாகச் சுருட்டி, ஒரு கல்லையும் சேர்த்துக் கயிற்றில் கட்டி, மேலிருந்து இறக்கி இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். குளிர் தேசங்களில் வீட்டுக்கு வீடு கணப்பு அடுப்பு உண்டு. அதற்குள் தீச்செங்கல் பதித்து, வருஷத்துக்கொரு முறை ஆள் வைத்துப் புகைக்கூண்டைத் துடைப்பார்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் அந்த வேலைக்குச் சிறு பையன்களைப் புகைக்கூண்டுக்குள்ளேயே ஏற்றிவிட்டார்கள்! மூச்சு முட்டிச் செத்த குழந்தைகள் எத்தனையோ. 1875-ல் கடுமையான சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கொடுமை ஓய்ந்தது. கோணிப் பந்து எவ்வளவோ மேல். ஆனால் துடைக்காமல் மட்டும் விடாதீர்கள். உள்ளே தார் மாதிரி படியும் கரியில் ஒரு பொறி பட்டால் அது தீப்பற்றும். மேலே கீற்றுக் கூரையானால் கேட்கவே வேண்டாம்.

மண் குழைக்கும் வித்தை

இனி வெடிப்பை அடைக்கலாம். "மேஸ்திரியிடம் கொஞ்சம் சிமெண்டு வாங்கி அப்பினால் ஆயிற்று" என்று நினைக்கும் கணவன்மார்கள் அநேகர். சிமெண்டு கட்டடத்துக்கு ஆகும், அடுப்புக்குள் ஆகாது. தண்ணீரோடு சேர்ந்து இறுகுவதுதான் சிமெண்டின் பலம். அடுப்பின் உட்புறச் சூடு 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது, சிமெண்டு தன்னுள் பிடித்து வைத்திருந்த நீரை இழந்து உதிரத் தொடங்கும். இரண்டு மாதத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்து குழம்பில் விழும். மண்ணுக்கோ நெருப்பு விரோதியல்ல. நெருப்பில் வெந்துதான் மண் பானையாகிறது, செங்கல்லாகிறது.

வயலிலோ குளத்திலோ எடுத்த களிமண் நல்லது. புற்றுமண் கிடைத்தால் அதைவிட விசேஷம். கறையான் ஏற்கெனவே சலித்துக் கொடுத்துவிட்டது. கல்லும் வேரும் பொறுக்கி, இரண்டு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்து, கை நிறைய உமியோ, பொடியாக நறுக்கிய வைக்கோலோ போட்டு, கொஞ்சம் சாணமும் கலந்து மிதித்துக் குழைக்க வேண்டும். எல்லா ஊர் மண்ணும் ஒரே குணமாக இராது. ஆகவே எலுமிச்சம்பழ அளவு ஓர் உருண்டை பிடித்து நிழலில் காயவையுங்கள். உருண்டை வெடித்தால் இன்னும் மணல் வேண்டும். விரலால் நசுக்கினால் உதிர்ந்தால் களிமண் போதவில்லை. இதைவிடப் பெரிய பரிசோதனைச்சாலை தேவையில்லை.

உமி எதற்கு என்றால், காயும்போது மண் சுருங்கி வெடிக்காமல் அது பிடித்துக்கொள்கிறது. பிறகு அடுப்பு எரியும்போது உமி கருகிச் சின்னஞ்சிறு துவாரங்களை விட்டுப் போகிறது. அந்தத் துவாரங்களில் அடைபட்ட காற்று, சூட்டை வெளியே விடாமல் மறிக்கிறது.

குழைத்ததை உடனே பூசிவிடாதீர்கள். ஈரச் சாக்கு போட்டு மூடி மூன்று நாளாவது புளிக்க விட வேண்டும். தண்ணீர் ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஊறி, மண் பசை போலாகும். நாற்றம் கொஞ்சம் வரும். பொறுத்துக் கொள்ள வேண்டியதுதான்.

அப்பிய மண் நான்காம் நாளே கையோடு வந்துவிடுகிறது என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்யாமல் விட்டிருப்பார்கள். பழைய மண் வறண்டு கிடக்கிறது. புது மண்ணைப் பூசியதும் அதிலுள்ள ஈரத்தைச் சுவர் உறிஞ்சிவிடும். புது மண் காய்ந்து சுருங்கித் தனியே நிற்கும். ஆகையால் வெடிப்பைக் கத்தியால் கீறி, உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் செய்து, கரியும் தூசும் போகத் துடைத்து, தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, சேற்றுக் குழம்பை ஒரு கை பூசி, அதன் மேல்தான் மண்ணை அழுத்தித் திணிக்க வேண்டும். ஆழமான வெடிப்பை ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். பாதி நிரப்பி, வாடியதும் மறுபாதி. பாதி காய்ந்த பதத்தில் மயிர்க்கோடு போல் வெடிப்பு விடும். அப்போது ஈரக் கையால் தடவி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துவிட்டால் மறைந்து போகும். வெயிலில் காயவைக்கும் அவசரம் வேண்டாம்; நிழல்தான் உத்தமம்.

குமுட்டி அடுப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதே மண்தான். இரும்பு வாளிக்குள் மண் பூச்சு இரண்டு விரல் கனத்துக்கு இருக்க வேண்டும். பூச்சு பெயர்ந்த குமுட்டியில் தகடு பழுத்து, ஓட்டையாகிவிடும். குமுட்டி என்றதும் வயதானவர்களுக்கு லெக்கோ நினைவுக்கு வரும். நெய்வேலியில் நேரு 1957-ல் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. பிறகு அதைக் கட்டியாக்கிச் சுட்டுக் கரியாக்கியதே லெக்கோ. புகை குறைவு, நின்று எரியும் என்று பட்டணத்து வீடுகளில் அதற்கு ஏக வரவேற்பு. இன்று கடைகளில் லெக்கோ இல்லை, மரக்கரிதான். மழைக்காலத்தில் குமுட்டியைக் கதவடைத்த அறைக்குள் வைத்துக் குளிர் காய்வது மட்டும் கூடவே கூடாது. புகையே தெரியாது, ஆனால் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்திலேயே உயிரை வாங்கிவிடும்.

புகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டு அடுப்புப் புகையால் 2020-ம் வருஷம் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்துக்கும் மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மூச்சுக் கோளாறும் கண்புரையும் அடுப்படியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதிகம். அடுப்பை எவ்வளவு நன்றாகப் பூசினாலும் விறகுப் புகை விறகுப் புகைதான். குறையுமே தவிர ஒழியாது. ஆகவே தினசரிச் சமையலுக்கு எரிவாயு வாங்க வசதியுள்ளவர்கள், மண் சட்டி மணத்துக்கு ஆசைப்பட்டு வீட்டுப் பெண்ணைப் புகையில் உட்கார வைப்பதை நான் ஒப்பவில்லை. அடுப்பு கொல்லையில், காற்றோட்டத்தில் இருக்கட்டும்.

புகையில்லா அடுப்புக்கு யோசனைகள் வராமலில்லை. ஹைதராபாத் பொறியாளர் டாக்டர் எஸ். பி. ராஜு 1950-களிலேயே புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்றை அமைத்துக் காட்டி, ஏழைகளின் சமையலறைக்கென்று புத்தகமும் எழுதினார். 1983-ல் மத்திய அரசு தேசியத் திட்டமாகவே எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ இருபது வருஷங்களில் மூன்று கோடிக்கு மேல் திருந்திய அடுப்புகளைப் போட்டுக் கொடுத்தது. 2002-ல் திட்டம் முடிந்தது. அந்த அடுப்புகளில் பெரும்பகுதி நெடுநாள் நிலைக்கவில்லை. காரணங்கள் பல. எனக்கு உறுத்துவது இது: அடுப்பு போட ஆள் வந்தார், குழாயில் கரி அடைத்துக்கொண்டபோதும் வாய் வெடித்தபோதும் யாரும் வரவில்லை. தன் பாட்டியிடம் மண் குழைக்கக் கற்ற பெண்ணுக்கு, சர்க்கார் அடுப்பின் குழாயைக் கழற்றித் துடைப்பதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பூசிய அடுப்பு நான்கைந்து நாளில் நிறம் வெளுத்துக் காய்ந்துவிடும். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு பெரு நெருப்பு மூட்டினால் ஆவி முட்டிப் பூச்சைத் தள்ளிவிடும். முதல் நாள் சருகும் சுள்ளியும் போட்டு அரைமணி எரித்து ஆறவிட வேண்டும். மறுநாள் கொஞ்சம் கூடுதலாக எரித்து ஒரு குடம் வெந்நீர் போடலாம். மூன்றாம் நாள் உலை வைக்கலாம். அப்போதும் எங்கேயாவது மெல்லிய கோடு விட்டால் கவலை வேண்டாம். சாணமும் சேறும் கரைத்து, சாயங்காலம் அடுப்பு ஆறியதும் ஒரு கை மெழுகிவிட்டுப் போய்ப் படுங்கள்.